அம்மா சொல்லக்கூடிய பெயர்

எங்கள் வீட்டில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். எனக்கு வைத்ததோ அந்தத் தாத்தாவின் பெயர். அதனால் நான் பிறந்ததிலிருந்து அம்மா என்னைக் ‘குஞ்சு’ என்றுதான் கூப்பிடுவாள்.

ஏனாத்தூரில் காலேஜ் படித்தபோது, தன் அக்கா கல்யாணத்துக்குப் புடவை பார்க்க வேண்டுமென்று கூடப் படித்த ஒருத்தன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தறியில் உட்கார்ந்திருந்த அம்மா, “குஞ்சு, அவங்களுக்குத் தண்ணி குடுப்பா” என்றாள். இந்தக் காலத்துப் பையன்கள் வாயில் அந்தச் சொல் என்ன பாடுபடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வருஷம் முழுக்கக் காலேஜில் என் மானம் போனது.

அவர்கள் வந்துபோன அன்று சாயந்திரமே அம்மாவிடம் கத்தினேன். “இனிமே அப்படிக் கூப்பிட்டா நான் திரும்பவே மாட்டேன். எனக்குப் பேர் இருக்குது இல்ல?”

அது அவள் வாயால் சொல்ல முடியாத பேர். தெரிந்தேதான் சொன்னேன். “சரிப்பா” என்று அம்மா மறுபடி தறியில் நாடாவை ஓட்டினாள். அதற்குப் பிறகு வெறும் ‘இந்தாப்பா’தான்.

போன வருஷம் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் வார்டு வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “இந்தாப்பா” என்று மெல்லிய குரல் வந்தது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்தவர் எழுந்து போய், “வாசல்ல நிக்கிறது உங்க பையனா? பேர் சொல்லுங்கம்மா, கூப்பிடறேன்” என்றார்.

அது காதில் விழுந்துதான் திரும்பினேன். அம்மா சொல்ல வாயைத் திறந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் மூடிக்கொண்டாள்.