பேனா நீள டார்ச்

முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பது லோகநாயகியின் வேலை. பகல் வேலைதான். ஆனால் அவளுடைய பகலில் பாதி இருட்டு. மாடிப்படிக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், சாக்குமூட்டைக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவே என்று மீட்டரை எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கொஞ்ச நேரம் கண் எதையும் பார்க்காது. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் பிடிக்கும். தெருச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல ஆகிவிடும். டார்ச்சைத் தட்டினால் கண்ணாடிக்குள் அலுமினியத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். கிரைண்டர் ஓடும் வீட்டில் அவசரமாக; எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், தூங்குகிறவர் மூச்சைப் போல. எண்ணைக் குறித்த பிறகும் சில சமயம் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

1992இல் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த தம்பி ஏகநாதன் அவள் கையில் ஒரு டார்ச்சை வைத்தான். கறுப்பு அலுமினியம், பேனா நீளம், உள்ளே இரண்டு பென்சில் செல். தலையைத் திருகினால் வெளிச்சம் விரியும். மறுபடி திருகினால் ஊசியாகக் குவியும்.

“ஃபாரின் ஐட்டம் அக்கா. அந்தத் தகர டார்ச்சைத் தூக்கிப் போடு.”

“இருக்கட்டும். என்கிட்ட ஒரு மாசம் வேலை பாக்கட்டும், அப்புறம் சொல்றேன்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. சோறு வடிக்கும் வரை அதை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தாள். எடுத்துத் துடைத்ததும் எரிந்தது. மாடிப்படியில் உருட்டிவிட்டாள், ஒரு ஓரம் பெயின்ட் உரிந்தது, அவ்வளவுதான். இடுப்பில் செருகினால் பஸ்ஸில் வழுக்கி விழுந்தது. கைப்பையில் போட்டால் டிபன் பாக்ஸுக்கு அடியில் காணாமல் போனது. கடைசியில் நாடா கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டாள். ஒரே தொல்லை, வெளிச்சம் அதிகம். மீட்டர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி எண்ணையே மறைத்தது. டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் சாய்த்து நின்றால் கூசவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

முடிச்சூரில் ஒரு வரிசை வீடு. அதில் கடைசிக் குடித்தனம் செல்லம்மாவுடையது. புருஷன் வேதாசலம் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். ஒரே பெண் திரிபுரசுந்தரி. ரெண்டு வயது, எல்லோருக்கும் சுந்தரி. லோகநாயகி போனபோது அவள் படிக்குக் கீழே, மீட்டருக்கு நேராக உட்கார்ந்து, ஒரு டம்ளரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

வலது கண்மணி மங்கின சிவப்பாகத் தெரிந்தது. இடது கண்மணியில் ஒரு சொட்டுப் பால்.

லோகநாயகி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்படியே இருந்தது.

“இன்னாக்கா, கொயந்த கண்ணுல போயி லைட் அடிக்கிறே?” என்றாள் செல்லம்மா வாசலிலிருந்து.

“இடது கண்ணுல வெள்ளையா ஏதோ தெரியுது. வந்து பாரேன்.”

செல்லம்மா குழந்தையை வெயிலுக்குத் தூக்கிப் போய்ப் பார்த்தாள். “ஒண்ணியும் இல்ல. நல்லாத்தான் கீது. உன் லைட்டுதான் பேஜாரு.”

அந்த வீட்டு மீட்டர் அட்டையில் எண்ணை எழுதிவிட்டு லோகநாயகி வெளியே வந்தாள். மிச்ச வீடுகளை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. தெரு தூக்கத்தில் நடப்பது போல நகர்ந்தது. ஒருவேளை டார்ச்தான் பொய் சொல்கிறதோ? அடுத்த தெருவில் ஒரு தாயிடம் கேட்டுக்கொண்டு, தொட்டிலில் விழித்திருந்த குழந்தையைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சிவப்பு. வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டுத் தம்பியை உட்கார வைத்தாள்.

“கண்ணு அவிஞ்சிடும்க்கா!”

“ஆடாம இரு.”

அதே சிவப்பு, இரண்டிலும். டார்ச் பொய் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போனாள். வேதாசலம் வேலையிலிருந்து வந்திருந்தான். டார்ச்சைச் செல்லம்மாவிடம் கொடுத்து, கன்னத்தோடு எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். “நீயே பாரு. முதல்ல உன் வீட்டுக்காரரைப் பாரு.”

செல்லம்மா புருஷன் கண்ணைப் பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள். வெளிச்சத்தை இடது கண்ணில் நிறுத்தினாள்.

“நெலா மாதிரி கீதே,” என்றாள் மெதுவாக.

மறுநாள் லோகநாயகி லீவு போட்டாள். நாலு பேரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணுக்குள் கட்டி, விட்டால் மூளைக்குப் போய்விடும், கண்ணையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

வேதாசலம் ஒன்றுதான் கேட்டான். “எடுத்துட்டா புள்ள இருக்குமா சார்?”

“இருக்கும். பரவறதுக்கு முன்னாடியே கொண்டு வந்துட்டீங்க.”

எடுத்தார்கள். புண் ஆறிய பிறகு செயற்கைக் கண் வைத்தார்கள்.

அதன் பிறகு செல்லம்மா லோகநாயகியோடு பேசவில்லை. கணக்கெடுக்கப் போனால் அட்டையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை, அப்படி மூன்று முறை. லோகநாயகி பழைய தகர டார்ச்சையே எடுத்துக்கொண்டு போனாள். குழந்தையின் கண்ணை எடுத்தது தான்தானோ என்று சில மத்தியானங்களில் தோன்றியது. டார்ச் எப்படி என்று கேட்டு மஸ்கட்டிலிருந்து தம்பி கடிதம் போட்டான். ‘கனம் இல்லை. தண்ணீர் இறங்கவில்லை. கண்ணாடியில் கூசுகிறது. நல்ல டார்ச்தான், தினமும் கொண்டுபோகலாம்’ என்று எழுதினாள். வேறொன்றும் எழுத வரவில்லை.

நாலாவது முறை போனபோது செல்லம்மா ஒரு சொம்பு மோரோடு நின்றுகொண்டிருந்தாள்.

“உம்மேல கோவம் இல்லக்கா. உன்னப் பாத்தா அந்த நெலாதான் நெனப்புக்கு வருது. அதான்.”

லோகநாயகி மோரைக் குடித்தாள். இருவரும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சுந்தரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் லோகநாயகிக்கு வேறு பக்கம் மாற்றலாயிற்று. 1998இல் ஒரு கிருத்திகையன்று காலை, குன்றத்தூர் மலைப்படியில் தூறலுக்கு நடுவே யாரோ அவள் முந்தானையைப் பிடித்தார்கள். செல்லம்மா. பக்கத்தில் எட்டு வயசுப் பெண், ரெட்டைப் பின்னல், கையில் தேங்காய்ப் பை.

“யாரும்மா இவங்க?”

“மீட்டர் பாக்க வருவாங்களே, அந்த அக்கா.”

சுந்தரி ஒரு நிமிஷம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அது போதும் என்பது போல, பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு படியில் ஓடினாள். “வழுக்கும்டீ, பாத்துப் போ!” என்று செல்லம்மா கத்திக்கொண்டே பின்னால் ஏறினாள்.