தேநீரை வெளுக்காத மா

சுங்கத் தீர்வைப் புத்தகத்தை முதன்முதலில் என் கையில் கொடுத்தவர் கொழும்பில் ஒரு கிளியரிங் ஏஜண்ட். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்தில் இருந்து விடுவித்துக் கொடுப்பது அவர் தொழில். நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் இருந்து அவருக்கு என்னைத் தெரியும். சிங்களவர், ஐயா என்பதற்கு அவர்கள் சொல்லும் மாத்தயா என்றே கூப்பிடுவேன். ஓரம் கிழிந்த பழைய பிரதி ஒன்றை மேசையில் போட்டு, "இதுல இல்லாத சாமான் உலகத்துல இல்ல. வாசி" என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, சாப்பாட்டுக் கடை, டைல் கடை, லொறி என்று ஓர் இடத்தில் தங்காமல் திரிந்தேன். கொஞ்ச காலம் லொறிக்குள்ளேயே படுத்தேன். மழை ஒழுகாது, அது போதும். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். புரியாத சொல்லுக்குப் போனில் தமிழ் தேடுவேன். அப்படி வாசித்தும் அந்தப் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. முதல் அத்தியாயத்தில் உயிருள்ள குதிரையும் கழுதையும். கடைசி அத்தியாயத்தில் ஓவியமும் நூறு வருடம் கடந்த பழம்பொருளும். நடுவில் ஆணி, தொப்பி, உப்பு, ரயில் எஞ்சின். எல்லாவற்றுக்கும் ஓர் எண். ஒன்பதாம் அத்தியாயத்தில் எங்கள் தேயிலையும் இருந்தது. என் அம்மா வாழ்நாள் முழுக்க முதுகில் சுமந்த கூடைக்கு உலகம் பூராவும் ஒரே எண் என்று தெரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். மாத்தயா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் நான் அங்கே போனது நாலாம் அத்தியாயத்துக்காக. அதில்தான் பால்.

டிக்கோயாவில் ஓர் அக்காவிடம் அப்போது வேலை செய்தேன். சொந்த அக்கா இல்லை. குவைத்தில் பல வருடம் வீட்டுவேலை செய்து திரும்பியவர். பழைய கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லயத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஐஸ்கிறீமும் பால் டொபியும் செய்தார். பால்மா விலை ஏறிய பிறகு அந்தத் தொழில் தள்ளாடியது. கொழும்புக்காரர்கள் ஐஸ்கிறீமுக்கு 'வே பவுடர்' சேர்க்கிறார்கள் என்று கண்டுபிடித்து, குவைத்தில் சேர்த்த எல்லாவற்றையும் போட்டுப் போலந்தில் இருந்து அந்தப் பவுடரை வரவழைத்தார். கொழும்பும் சிங்களமும் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் என்னை வைத்திருந்தார்.

சரக்குக்கு முன்னால் ஒரு மாதிரிப் பொதி தபாலில் வந்தது. எங்கள் பக்கத்தில் பால் என்ற பெயரில் எது வந்தாலும் முதல் வேலை, அதைத் தேத்தண்ணியில் போட்டுப் பார்ப்பது. அக்காவின் நாத்தனார்தான் அங்கே சட்டி கிண்டுகிறவர். பால் சேராத தேத்தண்ணியான சாயம் ஒரு கோப்பை எடுத்து, அதில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். வெளுக்கவில்லை. கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

"என்னா அண்ணி இது? ஒங்கள நல்லா ஏமாத்திட்டாங்க."

"இது பால்மா இல்லடி. பால் திரிஞ்சா மேல தண்ணி நிக்குமே, அதக் காய வெச்சது."

"அந்தத் தண்ணிய நாங்க சாக்கடக் கான்ல ஊத்துறோம். நீங்க அதுக்குக் கப்பல் புடிக்கிறீங்களா?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதித்து.

சரக்கு கொழும்புக்கு வந்து சுங்கக் களஞ்சியத்தில் நின்றது. எங்கள் கோப்பு ஒரு பெண் அதிகாரியிடம் போனது. முடியை இறுக்கிக் கட்டிய, அவசரப்படாத மனுஷி. என்னை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"வெள்ளைத் தூள் எல்லாம் பார்க்க ஒன்றுதான் மல்லி. பால்மா என்றால் 04.02. வே என்றால் 04.04. அந்த வேயில் இருந்து புரதத்தை மட்டும் பிரித்து, அது எண்பது வீதத்தைத் தாண்டினால் நாலாம் அத்தியாயத்திலேயே நிற்காது, முப்பத்தைந்துக்குப் போய்விடும். சீனியும் வாசனையும் போட்டுத் தயாரித்த உணவு என்றால் இருபத்தொன்று. உங்களுடையது எது?"

"04.04 மிஸ்."

"அதை ஆய்வுகூடம் சொல்லட்டும். பைகளைத் திறக்க முறை வர நாளாகும். கையில் இருக்கும் மாதிரியைக் கொண்டு வா, அதை முதலில் பார்ப்போம்."

ஒரே பாலில் இருந்து வந்த தூள், எதை எடுத்தார்கள் எதை விட்டார்கள் என்பதைப் பொறுத்து அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவுகிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்தவரிடம் இதை விளக்கினேன். அவர் கினிகத்தேனையில் இறங்கும்வரை கேட்டார், பாவம்.

நாத்தனார் பொதியை நன்றாகக் கட்டித் தந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிவு வந்த அன்று மாத்தயாவின் முகமே சரியில்லை. வேயில் இருக்க வேண்டியதைவிடப் பால் கொழுப்பு பல மடங்கு. முழு ஆடைப் பால்மா கலந்த சரக்கு என்று அறிக்கை.

"மல்லி, இது எண் மாறும் விஷயம் மட்டும் இல்லை" என்றார் அதிகாரி. "பால்மாவுக்குத் தீர்வை அதிகம். தீர்வையைக் குறைக்கப் பொய் அறிவிப்புச் செய்ததாக ஆகும். சரக்கு அரசாங்கத்துக்குப் போகும். வெள்ளிக்கிழமை நான் கோப்பை மேலே அனுப்ப வேண்டும். சொல்ல ஏதாவது இருந்தால் அதற்கு முன் வந்து சொல்."

டிக்கோயாவுக்குப் போக அன்றே ஹட்டன் பஸ் ஏறினேன். சரக்குப் போனால் அக்கா மறுபடி குவைத்துக்குத்தான் போக வேண்டும். அவருக்கு அந்த வயது தாண்டிவிட்டது. பட்டறையில் நான் சொன்னதைக் கேட்டு அக்கா அடுப்பை அணைத்தார். எனக்கு மட்டும் மண்டைக்குள் அந்தக் கொழுப்பு குடைந்துகொண்டே இருந்தது. போலந்தில் இருந்து வந்த ஆய்வுத் தாளில் கொழுப்பு மிகக் குறைவு. அலுமாரியில் மிச்சம் இருந்த மாதிரியை எடுத்து, சுடுநீரில் கலக்கி வைத்துப் பார்த்தேன். மேலே ஆடையின் அடையாளமே இல்லை.

"இதுல கொழுப்பே இல்லக்கா. அப்ப கொழும்புக்குப் போனதுல மட்டும் எப்புடி வந்திச்சு?"

நாத்தனார் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நான்தான் போட்டேன்."

"என்னாத்த?"

"பால்மா. நல்ல பால்மா, நாலஞ்சு கரண்டி. பின்ன என்னா தம்பி, பெரிய எடத்துக்குப் போற சாமான். அவங்க ஒரு தேத்தண்ணி போட்டுப் பாக்க மாட்டாங்களா? வெளுக்காமக் கெடந்தா நம்ம அண்ணியப் பத்தி என்னா நெனப்பாங்க?"

லயத்தில் வீட்டுக்கு வந்தவருக்குப் பால் இல்லாத தேத்தண்ணி கொடுக்க நேர்ந்தால், பக்கத்து வீட்டில் கைமாற்றாக ஒரு கரண்டி பால்மா வாங்கியாவது வெளுக்க வைத்துக் கொடுப்பார்கள். நாத்தனார் சுங்கத்துக்கும் அதைத்தான் செய்திருந்தார். அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நானோ மேசையைத் தட்டிக் குதிக்காத குறை. கொழுப்பு வந்த வழி தெரிந்துவிட்டது. பைகளுக்குள் இருப்பது சுத்தமான வே பவுடர்தான்.

"நீங்க வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க" என்றேன் நாத்தனாரிடம்.

"நானா? புடிச்சு உள்ள போட்டா?"

"போட்டா அங்க தேத்தண்ணி நல்லா வெளுக்கும்."

துடைப்பத்தை எடுத்தார். ஆனால் மறுநாள் விடிய, கல்யாணத்துக்கு வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு ஹட்டன் பஸ் நிலையத்தில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

சுங்கத்தில் அதிகாரியின் முன்னால், கடைகளில் பேசிப் பழகிய சிங்களத்தில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். எத்தனை கரண்டி, எந்த டின், ஏன் போட்டார் என்பதுவரை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆய்வுக்குப் போகிற மாதிரியில் கை வைப்பது குற்றம். தெரியுமா?"

"தெரியாது நோனா. மரியாதைக்குத்தான் போட்டேன்."

"யாருக்கு மரியாதை?"

"ஒங்களுக்குத்தான்."

அதிகாரி சிரிக்கவில்லை. கோப்பைப் புரட்டினார், போலந்துத் தாளை ஒரு முறை வாசித்தார்.

"இனி உங்கள் கையில் இருந்து வருகிற எதையும் நான் எடுக்க மாட்டேன்" என்றார். "பைகளை நாங்களே திறப்போம். அதிலும் கொழுப்பு இருந்தால் எந்தக் கதையையும் கேட்க மாட்டேன்."

"அதுதான் மிஸ் எங்களுக்கும் வேணும்" என்றேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன் போல. கூட வந்திருந்த மாத்தயா என் காலை மிதித்தார்.

களஞ்சியத்தில் அதிகாரி தானே பைகளைக் காட்டினார்: மேலடுக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. வெளியே உள்ளதைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்தேன். நடுப் பையை எடுக்க மற்றதையெல்லாம் இறக்க வேண்டியிருந்தது. அனுமதி கேட்டு நானும் இறங்கித் தூக்கினேன். பழைய தொழில்தானே, முதுகு மறக்கவில்லை. நீண்ட குழாய் ஒன்றைப் பைக்குள் செருகி இழுத்தார்கள். வெளிர் மஞ்சள் தூள். முத்திரை வைத்தார்கள். நாத்தனார் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

ஆய்வு முடியும்வரை நான் மாத்தயாவின் அலுவலகத்தில் புத்தகத்தோடு இருந்தேன். முப்பத்தைந்தாம் அத்தியாயத்தில் பசையும் வருகிறது என்று கண்டபோது அதை யாரிடமாவது சொல்லத் துடித்தேன். பிறகு போன் வந்தது. கொழுப்பு இல்லை என்று சொல்லும் அளவு குறைவு. புரதம் எண்பதுக்கு எவ்வளவோ கீழே. சீனி சேர்க்கவில்லை. 04.04. நாங்கள் சொன்ன எண்தான். மாதிரியைக் கலந்ததற்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, அதோடு விட்டார்கள்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். "நாலு பூச்சியம் நாலுக்கா" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் யாரிடமோ, "அடுப்ப மூட்டுங்கடி" என்று சொல்வது கேட்டது.

லொறி டிக்கோயாவுக்கு வந்தபோது நல்ல மழை. பைகள் நனையாமல் படங்கு பிடித்து இறக்கத் தொடங்கினோம். முதல் பையை அக்கா அறுத்தார். எல்லாரும் ஐஸ்கிறீம் சட்டிப் பக்கம் போக, நாத்தனார் மட்டும் ஒரு கோப்பை சாயத்தோடு வந்து, புதுப் பையில் இருந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். வாசலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாயம் சாயமாகவே கிடந்தது.

"அண்ணி, வெளுக்கல" என்றார் உள்ளே திரும்பி. "சரக்கு சரிதான். மிச்சத்தையும் எறக்கச் சொல்லுங்க."