புறா ஒட்டாத வண்டி

என் அப்பா வண்டிகளை மோந்து பார்ப்பார். வேனோ லாரியோ, கதவுத் தகட்டில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஒரு நீண்ட மூச்சு இழுப்பார். பிறகு தீர்ப்பு வரும்: "பாலிஷ் போட்டிருக்க. கழுவிட்டு வா."

வியாபார வண்டிகளுக்கு வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் தொழில். தொழிலில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேரிலேயே. "மோப்பம் அண்ணே, டீ சொல்லவா?" அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா விடவில்லை.

மோப்பத்துக்குக் காரணம் உண்டு. ஓட்டுநர்கள் பாசக்காரர்கள். வண்டிக்குப் புது ஸ்டிக்கர் என்றால், போட்டோ எடுக்கக் கூட்டிப்போகிற பிள்ளையைப் போல அதைச் சிங்காரித்து, சிலிக்கோன் பாலிஷ் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கிக் கொண்டுவருவார்கள். சிலிக்கோன் மேல் பசை நிற்காது. ஒட்டும்போது சமர்த்தாக இருக்கும். நெடுஞ்சாலையில் காற்று ஓர் ஓரத்தைப் பிடித்துவிட்டால் போதும், மொத்தமும் கிளம்பிவிடும்.

நான் ஒரு பசைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எனக்கு இது வரைபடமாகத் தெரியும், அப்பாவுக்கு மூக்கால் தெரியும். இரண்டு பேரும் தப்பு செய்வதில் சளைத்தவர்கள் இல்லை. ஒரு மெத்தைக் கம்பெனி வேனில் ஒரே இடத்தில் மட்டும் ஸ்டிக்கர் திரும்பத் திரும்ப உரிந்தது. பெயின்ட் காயவில்லை என்றேன் நான். பாலிஷ் என்றார் அவர். வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்தது. கடைசியில் பார்த்தால், ஓட்டுநர் தினமும் மதியம் ஸ்டூல் போட்டு, சரியாக அந்த இடத்தில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார். தலையெண்ணெய். வண்டி நிறைய மெத்தையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் தூங்கியவரை அப்பா மன்னிக்கவே இல்லை.

ஒருமுறை மீன் வண்டியில் மீனைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, "அது முங்குது" என்று சாதித்தார். மீன்காரர் நம்பிவிட்டார். அம்மா நம்பவில்லை. அம்மாவும் கடையில்தான் இருப்பார். வெட்டிய எழுத்துகளைச் சுற்றியுள்ள மிச்ச வினைலை ஊசிமுனையால் உரித்தெடுப்பது அவர் வேலை. அவர் உரிப்பார், அப்பா ஒட்டுவார். சண்டையும் வேலையும் ஒரே மேஜையில் நடந்தன.

போன செவ்வாய்க்கிழமை அப்பா ஒரு ரொட்டி வேனின் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம்.

மறுநாள் காலை அமரர் ஊர்தி வந்தது. குறுகலான தெரு. சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். எங்கள் வாசலைப் பார்த்த பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைப் புறா. அதன் இடது இறக்கை தோள்பட்டை வரை உரிந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா அழுவதை நிறுத்தினார்.

"இதுல அவர் ஏற மாட்டார்."

"அம்மா, தகனக்கூடத்துல நேரம் குறிச்சிருக்காங்க. தவறினா நாளைக்குத்தான் எடுப்பாங்க" என்றேன்.

"நாளைக்குன்னா நாளைக்கு. வாழ்நாளெல்லாம் இப்படி உரியறதைத்தான் திட்டினார். கடைசியா இதுலயே படுத்துட்டுப் போகணுமா?"

ஓட்டுநர் வயதானவர், பணிவானவர். "பாக்க பறக்கற மாதிரி நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போனார்.

இதற்குள் தொழில்காரர்கள் எழுந்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள். பேனர் அச்சடிக்கும் மாமா முதலில் போய் இறக்கையைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"ரிவெட். ரிவெட் தலை மேல சூடு காட்டாம இழுத்து ஒட்டியிருக்கான். கூடாரம் மாதிரி நிக்குது பாரு."

"ரிவெட்டாவது கிவெட்டாவது" என்றார் நம்பர் பிளேட்காரர். "பக்கத்துல வெச்சு பிரஷர் தண்ணி அடிச்சிருக்கான். ஓரத்துல தண்ணி ஏறியிருக்கு."

"யோவ், நீ நம்பர் பிளேட்டை ஸ்க்ரூ போட்டு மாட்டறவன். உனக்கென்ன தெரியும் பசையைப் பத்தி?"

"ஸ்க்ரூ போட்டது விழாதுல்ல? அது தெரியும்."

அப்பா உள்ளே கிடந்தார். வெளியே அவருடைய நண்பர்கள் வண்டியைச் சுற்றி நின்று தகட்டை மோந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கு மூன்று வாசனை வந்தது. நானும் போய் மோந்தேன். பாலிஷ்தான்.

"வண்டிக்கு பாலிஷ் போடுவீங்களா?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"தினமும் போடுவேன்மா. கடைசி வண்டி ஆச்சே, பளபளன்னு இருக்க வேணாமா? ஸ்டிக்கர் ஒட்டப் போன அன்னைக்கு ரெண்டு கோட்டு போட்டேன்."

"எவன் ஒட்டினது?" என்றார் அம்மா.

எங்கள் கடைக்கு எதிர்க்கடைக்காரர் ஒரு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அப்பாவின் நெடுநாள் போட்டியாளர். உயரமானவர். நாற்காலி போதவில்லை.

"நான்தான் அண்ணி."

"மோந்து பாத்தியா?"

"எனக்கு சைனஸ், அண்ணி."

அம்மா உள்ளே போய் அப்பாவின் வேலைப் பெட்டியைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தார். "ஒட்டு."

இங்கே நான் குறுக்கிட வேண்டியிருந்தது. இறக்கையின் பசை முழுக்கத் தூசி. அதைத் திரும்ப ஒட்ட முடியாது. புதிதாக ஒட்டினாலும் பசை பிடிமானம் பெற ஒரு முழு நாள் வேண்டும். "உரிச்சிடலாம்மா" என்றேன். "வெறும் வண்டியா போகட்டும். வெறும் வண்டியை அப்பா திட்ட மாட்டார்."

அம்மா யோசித்தார். தலையசைத்தார்.

எதிர்க்கடைக்காரர் ஹீட் கன் பிடித்துச் சூடு காட்டினார், பேனர் மாமா மெதுவாக இழுத்தார், நம்பர் பிளேட்காரர் ஸ்பிரிட்டால் பசையைத் துடைத்தார். புறா வாலிலிருந்து கழன்று வந்தது. ஓரங்களில் மிஞ்சிய துணுக்குகளை அம்மா ஊசியால் எடுத்தார். துக்க வீட்டில் ஸ்பிரிட் நெடி. புறா இருந்த இடம் மட்டும் வெயில் படாத பெயின்ட், புறா வடிவத்திலேயே புதிதாகத் தெரிந்தது. அதை யாராலும் உரிக்க முடியாது.

"அது பெயின்ட்டோட தப்பு. ஏத்துங்க" என்றார் அம்மா.

ஏற்றினோம். ஓட்டுநர் வேகமாகத் திரும்பி பெரிய சாலைக்கு வந்தார். அப்போதுதான் கேட்டது. பட். பட். பட். என் பக்கத்துக் கண்ணாடியில்.

வண்டிக்கு இரண்டு பக்கம் உண்டு. சுவரை ஒட்டி நின்ற பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அங்கேயும் ஒரு புறா.

அம்மாவுக்கும் கேட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நிறுத்தினால் நேரம் தவறிவிடும். அவர் அப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

சத்தம் நின்றது.

வெளியே எட்டிப் பார்த்தேன். பேனர் மாமாவின் ஸ்கூட்டர் எங்களை ஒட்டி வந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் எதிர்க்கடைக்காரர். உடம்பை முழுக்கச் சாய்த்து, உள்ளங்கையை விரித்து, இறக்கையைத் தகட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். தூசியில் அவர் கண்களில் தண்ணீர் வழிந்தது. சாலையில் போனவர்கள் வண்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டு வரும் மனிதரைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பஸ் நின்றேவிட்டது. "சரியா போங்க மாமா, மடிப்பு விழுது!" என்று அவர் கத்தியது எனக்கு மட்டும் கேட்டது.

தகனக்கூடத்துக்கு நேரத்தோடு வந்துவிட்டோம். வண்டி நின்றது. அவர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். கையை மட்டும் எடுக்கவில்லை.

அம்மா இறங்கி அவரிடம் போனார். "போதும் தம்பி. ஒட்டிக்கிச்சு."

அவர் கையை எடுத்தார். இறக்கை உடனே விரிந்தது.

அம்மா அதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவரிடம் முன்பக்கம் பிடிக்கச் சொன்னோம். அப்பாவை இறக்கினோம்.