சாம்பியன் ஆனதால் கீழே இறக்கப்பட்டோம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்லூரிக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. இரண்டே வரி.

‘தெற்கு கான்ஃபரன்ஸ் ஹாக்கி சாம்பியன் பட்டம் வென்றதற்கு வாழ்த்துகள். அதன் காரணமாக, உங்கள் அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படுகிறது.’

மூன்று தடவை படித்தேன். காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். ஜெயித்தவனைக் கீழே இறக்குவார்களா? அப்படியானால் தோற்றவனை என்ன செய்வார்கள்... நாடு கடத்துவார்களா?

ஷார்ஜாவின் ரோலா பகுதியில், கீழே துணிக்கடையும் மேலே வகுப்பறைகளுமாக ஒரு சின்னக் கல்லூரி. அங்கே நான் அலுவலக நிர்வாகி என்பது ஊருக்கே தெரியும். ஹாக்கி அணிக்கு மேனேஜரும் நான்தான் என்பது தெரியாது. ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால், ஆங்கிலத்தில் டைப் அடிக்கத் தெரியும். வளைகுடாவில் ஒரு மனிதனை எதற்கு வேண்டுமானாலும் மேனேஜராக்க அது போதும்.

கோச்சின் பெயர் முருகேசன். எங்கள் ஸ்டோர் கீப்பர். சொந்த ஊர் கோவில்பட்டி. அந்த ஊர்க்காரர்களுக்கு ஹாக்கி என்பது விளையாட்டு இல்லை, சாப்பாடு மாதிரி. பகலெல்லாம் சாக்பீஸ் டப்பாவும் பிரிண்டர் மையும் எடுத்துக் கொடுப்பார். நான்கு மணி அடித்தால் பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு அல் குசைஸ் பக்கம் ஒரு பொட்டல் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்.

“நாளு பூரா ஸ்டோர்ல கெடக்கேன் சார். சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம்தான் நான் முருகேசன்” என்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வளைகுடாக் கல்லூரிகளுக்கென்று ஒரு லீக், ஏழு அணிகள். வருடத்தில் ஒரு வாரம் எல்லோரும் துபாயில் கூடி ஆடுவோம். ஏழில் நாங்கள் ஆறாவது அல்லது ஏழாவது. எங்களோடு போட்டி போட்டுக்கொண்டு ஏழாவதோ ஆறாவதோ வருவது ஓமானில் இருக்கும் சலாலாக் கல்லூரி.

அப்புறம் லீக்குக்குப் புதுத் தலைவர் வந்தார். அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தவர். டை கட்டாமல் பார்த்ததில்லை. அங்கே கல்லூரி ஹாக்கியில் அணிகளைக் ‘கான்ஃபரன்ஸ்’ என்று கோஷ்டி பிரித்திருப்பார்களாம். பெரிய கல்லூரிகள் அவ்வப்போது கோஷ்டி மாறிக்கொள்ளுமாம். தரம் உயருமாம். நாமும் மாறுவோம் என்றார்.

பெரிய கல்லூரிகள் ஐந்தும் அன்றைக்கே ஒரு கோஷ்டி ஆகிவிட்டன. அதில் சேரத் தகுதி என்ன தெரியுமா? சொந்த மைதானம், நூறு கார் நிறுத்த இடம். எங்களிடம் ஒரு வேன் இருக்கிறது. அதையே துணிக்கடை வாசலில்தான் நிறுத்துகிறோம்.

மிச்சம் இருந்தது நாங்களும் சலாலாவும். எங்கள் இரண்டு பேருக்கும் ‘தெற்கு கான்ஃபரன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நடுவில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பாலைவனம். இந்தக் கான்ஃபரன்ஸிலும் இரண்டு பிரிவாம்; முதல் பிரிவில் கடைசியாக வருகிற அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டுமாம்.

“அமெரிக்காக்காரன் ஐஸ்ல ஆடுறான். நாம வெயில்ல ஆடுறோம். அவன் சட்டம் நமக்கு எதுக்கு சார்?” என்று கேட்டார் முருகேசன். நியாயமான கேள்வி. ஆனால், நியாயத்தை இங்கே யார் கேட்டார்கள்?

எங்கள் முதல்வர் உடனே ஒரு சர்க்குலர் போட்டார். ‘இந்த வருடம் ஹாக்கி அணி கடைசி இடம் வந்தாலோ, கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டாலோ, அணி கலைக்கப்படும். மட்டைகள் ஸ்டோரில் ஒப்படைக்கப்பட வேண்டும்.’ அதாவது, முருகேசன் தன் மட்டைகளைத் தானே தன்னிடம் வாங்கி வைத்துப் பூட்ட வேண்டும். அதைப் படித்த அன்று மனுஷன் மதியம் சாப்பிடவில்லை.

பிறகு அட்டவணை வந்தது. நான்கு மேட்ச். இரண்டு ஷார்ஜாவில், சனிக்கிழமை. இரண்டு சலாலாவில், வியாழக்கிழமை. இங்கே அப்போதுதான் வார விடுமுறையை வெள்ளி - சனி என்று மாற்றியிருந்தார்கள். ஓமானில் பழையபடி வியாழன் - வெள்ளி. சனிக்கிழமை அவர்களுக்குக் காலேஜ். வியாழக்கிழமை எங்களுக்குக் காலேஜ். அட்டவணைப்படி நடந்திருந்தால், அவர்கள் வராததால் நாங்கள் இரண்டு ஜெயிப்போம். நாங்கள் போகாததால் அவர்கள் இரண்டு ஜெயிப்பார்கள். யாரும் பந்தைத் தொடாமலே ஒரு சீசன் முடிந்திருக்கும்!

சலாலா அணியின் மேனேஜருக்குப் போன் போட்டேன். காதர் பாய், கீழக்கரைக்காரர். கல்லூரி கேன்டீனை நடத்துகிறவர். என்னைப் போலவே ஹாக்கி தெரியாதவர் என்பதால் சீக்கிரம் ஒத்துப்போனோம்.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு வெள்ளிக்கிழம மட்டுந்தான். நாலு மேட்ச்சையும் ஒரே நாள்ல முடிச்சிருவோம். நீங்க இங்க வந்துருங்க சார், பிரியாணி என் பொறுப்பு” என்றார்.

வியாழன் மதியம் வகுப்பு முடிந்ததும் பஸ் கிளம்பியது. பார்டரில் பதினாறு மட்டைகளையும் கோல்கீப்பரின் கால் கவசத்தையும் பார்த்த அதிகாரி, “லடாயி கர்னே ஜாதா?” என்று கேட்டார். சண்டைக்கா போகிறீர்கள் என்று அர்த்தம். ஹாக்கிக்கு என்றேன். சலாலாவுக்கா, பஸ்ஸிலா என்று கேட்டுவிட்டு, பக்கத்து கவுன்டர்க்காரரையும் கூப்பிட்டு எங்களைக் காட்டினார். பிறகு பரிதாபப்பட்டு ஸ்டாம்ப் அடித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, பிரியாணி முடிந்து, மூன்று மணிக்கு முதல் மேட்ச். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் என்று நாங்களே குறைத்துக்கொண்டோம். முதல் இரண்டு அவர்களுடைய ஹோம் மேட்ச். காதர் பாய் மைக்கில் எங்களை வரவேற்றார். ஒன்றில் தோற்றோம், ஒன்றில் ஜெயித்தோம்.

அடுத்த இரண்டும் எங்கள் ஹோம் மேட்ச்... அவர்கள் மைதானத்தில்! விதி விதிதானே? அவர்கள் பேனரை அவிழ்த்துவிட்டு எங்கள் பேனரைக் கட்டினோம். மைக்கை நான் வாங்கி, “எங்கள் மைதானத்துக்கு உங்களை வரவேற்கிறோம்” என்று காதர் பாயிடம் சொன்னேன். அவரும் கூச்சப்படாமல், “ரொம்ப சந்தோசம், கிரவுண்ட நல்லா வச்சிருக்கிய” என்றார். ஹோம் அணிதான் குடிக்கத் தண்ணீர் தர வேண்டும். மெயின் ரோட்டுக் கடையிலிருந்து இரண்டு அணிக்கும் இளநீர் வாங்கி வந்தேன்.

மூன்றாவது மேட்ச் டிரா. நான்காவது முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. புள்ளிகள் சரிசமம். அப்போது எங்களுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோல்கீப்பரும் அடிப்பவனும் மட்டும் எதிரெதிரே.

காதர் பாய் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“சார், ஒங்கள்ட்ட மறைக்கல. கடசியா வந்தா டீம கலச்சிருவேன்டு எங்க பிரின்சிபால் சொல்லிட்டாரு. இத வெளிய அடிக்கச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சமமாப் போயிருவோம். கடசின்டு யாருமே இல்ல.”

அங்கேயும் அதே சர்க்குலரா? உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஓடிப்போய் முருகேசனிடம் சொன்னேன்.

“வேணும்னே வெளிய அடிக்கவா?” முருகேசனுக்குக் கண் சிவந்துவிட்டது. “வேணும்னா நம்ம டீமயே கலைக்கட்டும் சார். மட்டைய நானே வாங்கி உள்ள வச்சிப் பூட்டுதேன். ஆனா இதச் செஞ்சிட்டு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்க முடியாது. எலேய், அடிலே!”

பையன் அடித்தான். கோல். நாங்கள் சாம்பியன். பையன்கள் முருகேசனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காதர் பாய் காலி இளநீர்க் கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

ஆனால், எனக்குத்தான் டைப் அடிக்கத் தெரியுமே? அவர் கேன்டீன் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, அவர்கள் முதல்வருக்கு ஒரு கடிதம் அடித்தேன். ‘தெற்கு கான்ஃபரன்ஸ் முழுவதிலும் இரண்டாம் இடம் பெற்று ரன்னர்-அப் ஆன தங்கள் அணிக்கு எங்கள் பாராட்டுகள்.’ ஒரு எழுத்து பொய் உண்டா? அந்த முதல்வர் மகிழ்ந்துபோய்க் கடிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டாராம். அணி தப்பித்தது.

இந்த நிலையில்தான் அந்த ஃபேக்ஸ். லீக் தலைவருக்கே போன் செய்து கேட்டேன். பொறுமையாக விளக்கினார். கடைசி இடம் வந்த சலாலாவை இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிட்டார்கள். இப்போது முதல் பிரிவில் நாங்கள் மட்டும். ஒரே அணி உள்ள பிரிவு விதிப்படி செல்லாது. எனவே, எதிராளி எங்கே இருக்கிறாரோ அங்கே எங்களையும் இறக்கிவிட்டார்கள்.

பெரியவர்கள் வசதிக்கு நாற்காலி மாற்றிப் போட்டுக்கொள்ளும்போது, சின்னவர்கள் கேள்வி கேட்கக்கூடாது. உட்கார இடம் எங்கே என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபேக்ஸை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். முருகேசனும் கூட வந்தார், கையில் ஸ்டோர் சாவியோடு. முதல்வர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“கீழ எறக்கிட்டாங்களே... சர்க்குலர்ல என்ன சொல்லியிருக்கேன்?”

“எறக்கிட்டாங்க சார். ஆனா அதுக்குக் கீழ பிரிவே கிடையாது. இனிமே நம்மள யாராலயும் எறக்க முடியாது” என்றேன்.

முதல்வர் யோசித்தார். பேனாவை எடுத்தார். “சரி, அடுத்த வருஷம் கடைசியா வந்தா?”

“ரன்னர்-அப் சார்.”

முதல்வர் ஃபைலைத் திறந்தார். சர்க்குலரை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். முருகேசன் வெளியே வந்ததும் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டோர் சாவியைப் பையில் போட்டுவிட்டு, ரொம்ப முக்கியமான விஷயம் போல என் காதோரம் கேட்டார்:

“சார், நம்ம ஹோம் மேட்ச்சுக்கு இளநிய சலாலாவுல இப்பவே சொல்லிருவமா?”