மருந்து ஊற்றாத தோப்பு

பர்கூர் போகிற சாலையோரம் எங்கள் மாந்தோப்பு. முழுக்க பெங்களூரா ரகம்; மாங்கூழ் கம்பெனிக்குப் போகிற காய். இந்தப் பக்கம் பலரும் தோப்பைப் பூ எடுக்கும் முன்பே குத்தகைக்காரரிடம் விட்டுவிடுவோம். அவர் மரத்தடியில் பள்ளம் எடுத்து வேருக்கு ஒரு மருந்து ஊற்றுவார். ஒரு வருடம் காய்த்து மறுவருடம் ஓய வேண்டிய மரம், அதற்குப் பிறகு வருடா வருடம் காய்த்தே ஆக வேண்டும். நாளாக நாளாக இலை சிறுத்துக் கொத்துக் கொத்தாய்ச் சுருண்டது. நுனிக்கிளைகள் காய்ந்தன. கணவர் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்தத் தோப்புதான். அது கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கூழ் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். திருநெல்வேலிக்காரர், விவசாயம் படித்தவர். ஐரோப்பாவில் வாங்குகிறவர்கள் தோப்பு மண்ணைக்கூடச் சோதிக்கச் சொல்கிறார்களாம். மருந்து ஊற்றாத காய்க்குக் கம்பெனியில் தனி இடம், தனி விலை.

"மருந்த நிப்பாட்டிப் பாருங்க யக்கா, மரம் தானா எந்திரிச்சிரும்" என்றார்.

நம்பினேன். குத்தகைக்காரரைத் திருப்பி அனுப்பினேன். "கம்பெனிக்காரன் பேச்சக் கேட்டு ஆடுது" என்று ஊரே சிரித்தது. முதல் வருடம் காய் அற்பம். ஆனால் மழைக்குப் பின் துளிர் வந்தது. நீளமாக, அகலமாக, மாவிலை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. தொட்டுப் பார்த்து அழுதேன், சொல்வதற்கென்ன.

அடுத்த பருவத்தில் காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நானே கூடப் போனேன். கம்பெனி வாசலில் 'மண்ணைக் காப்போம்' என்ற பச்சைப் பலகை பளபளவென்று இருந்தது. எடை போட்டதும் உள்ளே இருந்த ஆள் பொதுக் குவியலைக் கையால் காட்டினார். அங்கே பக்கத்துத் தோப்பின் மருந்துக் காய் மலைபோலக் கிடந்தது.

"ஏங்க, இது மருந்து ஊத்தாத காய்ங்க, தனியா கொட்டணும்!" என்று கத்தினேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரைலரைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். என் காய் உருண்டுபோய் அந்தக் குவியலோடு கலந்தது. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஐரோப்பாக்காரன் நம்மகிட்ட வாங்குதத விட்டுட்டான் யக்கா. இப்ப வாங்குததெல்லாம் வடநாட்டு ஜூஸ் கம்பெனி, வளைகுடா, ஆப்பிரிக்கா. நெறம், இனிப்பு, வெல, இதத்தான் கேக்காவ. மருந்து ஊத்துனியான்னு ஒருத்தரும் கேக்கல."

"நம்ம ஊர்ல குடிக்கிறவங்கல்லாம் மனுசங்க இல்லியா?"

"நீங்க கடையில ஜூஸ் வாங்குதப்போ கேட்டிருக்கியளா?"

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பேத்திக்கு எது மலிவோ அதைத்தான் வாங்குவேன். தோப்பு வைத்திருக்கிற நானே கேட்டதில்லை. அந்த ஆத்திரத்தில், எங்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். புரியாதது அவர் அதிர்ஷ்டம். அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வாங்குகிறவன் கேட்டால் மரம் பிழைக்கும், கேட்காவிட்டால் சாகும். நடுவில் நான் யார்?

தனி விலை இல்லாமல் மரம் ஓய்கிற வருடத்தை என்னால் தாண்ட முடியாது. குத்தகைக்காரருக்கு நானே சொல்லி அனுப்பினேன். பழைய கோபம் எதுவும் இல்லாமல் சிரித்த முகமாக வந்தார். மரம் மரமாகப் போய்க் கிளையை வளைத்து வளைத்துப் பார்த்தார்.

"மரம் நல்லா தெம்பா இருக்குதும்மா" என்றார். "சும்மா வுட்டு வெச்சதும் நல்லதாப் போச்சு. இப்ப ஊத்துனா இன்னும் நாலஞ்சு வருசம் தாங்கும்."