பதின்மூன்று பங்காளிகளும் ஒரு நீலத் திரையும்

கல்யாண வீட்டில் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பவன் மாப்பிள்ளையாக இருப்பான், அல்லது பந்திக்குப் பொறுப்பேற்றவனாக இருப்பான். கண்டனூரில் அன்று காலை என்னைப் பார்த்தவர்கள் நான் இரண்டில் எது என்று குழம்பியிருப்பார்கள். நான் அந்த வீட்டின் கூரையை அளந்து படம் வரைந்தவன். மடியில் ஒரு லேப்டாப் இருந்தது. அதன் திரை நீலமாகி, நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு எண்ணைக் கேட்டுக் காத்திருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் அறிவு உங்களுக்கு முழுதாக விளங்கும்.

அந்த வீடு பதின்மூன்று பங்காளிகளுக்குப் பொது. இரண்டாம் கட்டின் கூரை ஒழுகுகிறது. நடு உத்தரம் இன்னொரு மழை தாங்குவது சந்தேகம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஆனால் ஓடுகளைப் பிரிக்கப் பதின்மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பொதுக் கூரையைச் சரி செய்கிற சாக்கில் தன் அறைச் சுவர் ஓர் அடி நகர்ந்துவிடுமோ என்பது பதின்மூன்று பேருக்கும் உள்ள பயம். அதனால் எட்டு மாதம் அளந்து, எந்த ஓடு இறங்கும், எந்த மரம் மாறும், யாருடைய அறை அப்படியே இருக்கும் என்று நான் படம் போட்டிருந்தேன். எல்லோரும் ஒன்றாக வருவது கல்யாணத்துக்கு மட்டும்தான். சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குப் படத்தைக் காட்ட வேண்டும், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள், ஐந்து மணிக்குப் பாதிப் பேர் மதுரை விமானத்துக்கும் மீதிப் பேர் ரயிலுக்கும் கிளம்பிவிடுவார்கள் என்பது ஏற்பாடு. அன்று தவறினால் ஐப்பசி மழை நேராக வீட்டுக்குள்தான்.

முந்தின நாள் சாயங்காலம் மலேசியாவிலிருந்து வந்திருந்த பங்காளி ஒருவர், என் லேப்டாப் உயிர் பெறுவதற்குள் ஒரு காப்பியைக் குடித்து முடித்தார்.

"என்னப்பா, ஒன் பொட்டி என்னயவிட மெதுவா எந்திரிக்கிது?" என்றார்.

சுருக்கென்றது. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பென்டிரைவில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்பினால் கிழட்டுப் பெட்டியும் குதிரையாக ஓடுமாம். புத்தியுள்ளவன் கல்யாணம் முடியட்டும் என்று இருப்பான். நான் மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குப் பென்டிரைவைத் தேடி எடுத்தேன். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்டது. சம்மதம் என்றேன். என் படங்களின் ஒரே நகல் அந்தப் பென்டிரைவில்தான் இருந்தது என்பது பிறகு ஞாபகம் வந்தது.

பென்டிரைவைச் செருகி எழுப்பினால், பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. செக்யூர் பூட் என்று ஒரு காவல். கணினி கண் விழிக்கும்போதே வாசலில் நின்று, உள்ளே வருகிற இயங்குதளம் தனக்குத் தெரிந்த கையெழுத்தோடு வருகிறதா என்று பார்க்கும். அதை அணைத்துவிடு என்று போனில் யாரோ சொல்லியிருந்தார்கள். காவலை வீட்டுக்கு அனுப்பினேன். லினக்ஸ் வந்தது. ஐந்து நிமிடம் ராஜாவாக இருந்தேன். பிறகு படத்தை எடுப்பதற்காகப் பழையபடி விண்டோஸுக்குத் திரும்பினேன். அப்போதுதான் அந்த நீலத் திரை. எழுந்த விதத்தில் ஏதோ மாறியிருக்கிறது, அதனால் டிஸ்க்கைப் பூட்டிவிட்டேன், மீட்புச் சாவியைக் கொடு என்றது.

அதற்குப் பிறகு நான் செய்ததை அடக்கமாகச் சொல்கிறேன். உள் அமைப்புகளுக்குள் போய், பாதுகாப்பு என்ற சொல் எங்கெல்லாம் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் அமுக்கினேன். ஓரிடத்தில் பாதுகாப்புச் சிப்பைத் துடைத்துவிடவா, உறுதிதானா என்று கேட்டது. என் வாழ்க்கையில் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு உறுதியாகத் தலையாட்டியதில்லை.

காரைக்குடியில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. நடத்துபவர் முப்பத்தைந்து வயதுப் பெண். பத்தரை மணிக்கு அவர் மேசையில் லேப்டாப்பைக் கிடத்தினேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணே, என்னென்ன அமுக்குனீக?"

"ஒண்ணும் அமுக்கலம்மா. தானா வந்துச்சு."

அவர் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தானா வந்துச்சுன்னா தானாப் போயிரும். டீ சொல்றேன், குடிச்சுக்கிட்டே காத்திருப்போம்."

டீ வருவதற்குள் உண்மை வந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல, எதற்குப் பிறகு எது என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் வரிசையாக எழுதினார். பென்டிரைவை அழித்ததற்குச் சிரிக்கவில்லை. காவலை அணைத்ததற்கும் சிரிக்கவில்லை. சிப்பைத் துடைத்தேன் என்றபோது மட்டும் பேனா நின்றது.

"யா அல்லா. காவல ஆஃப் பண்ணுனதோட நிறுத்தியிருந்தீகன்னா, நான் திருப்பி ஆன் பண்ணியிருப்பேன், அதுவாத் தொறந்திருக்கும். சாவிய வச்சிருந்ததே அந்தச் சிப்புத்தான். அதையும்ல கழுவி விட்டுட்டீக?"

"ஒடச்சு எடுக்க முடியாதாம்மா?"

"ஒடைக்க முடிஞ்சா அது என்னா பூட்டு? நல்லாப் பூட்டியிருக்குண்ணே" என்றார், பூட்டு ஏதோ தன் சொந்தக்காரப் பிள்ளை போலவும், அது முதல் மதிப்பெண் வாங்கிவிட்டது போலவும்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திரையையும் மாற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் மாற்றுவார், எழுப்பிப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்து எழுப்பினார். நீலம்தான். "இது வரும்னு தெரியும். ஆனாலும் பாக்காமச் சொல்லக் கூடாதுல்ல" என்றார். நான் ஒரு மணி நேரத்தில் இருபது இடத்தில் அமுக்கியவன். எனக்கு அது கோயில் கைங்கரியம் மாதிரி இருந்தது.

பிறகு கேட்டார். "இத வாங்குன அன்னைக்கு எந்த மெயில் போட்டு உள்ள போனீக? மீட்புச் சாவியோட நகல் அந்தக் கணக்குல கெடக்கும்."

அடுத்த சிக்கல் அங்கேதான் இருந்தது. லேப்டாப் வீட்டு வேலைக்காகப் பங்காளிகள் வாங்கிக் கொடுத்தது. மெயிலும் வீட்டின் பொது மெயில். அந்த வீட்டில் பொதுப் பெட்டகத்துக்கு மூன்று சாவி, பங்காளிகளின் மூன்று கிளைக்கும் கிளைக்கு ஒன்றாக. மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். பொது மெயிலுக்கும் அதே முறைதான். பாஸ்வேர்டு பன்னிரண்டு எழுத்து, ஆளுக்கு நாலு. ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவரும் திரும்பி நிற்க வேண்டும். அதை அவர்கள் ஏற்படுத்தின அன்று, "என்ன, ஏவுகணை விடப் போறீகளா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான்தான். அன்று அவர்கள் மூவரும் அடித்து உள்ளே விட்டார்கள். பிறகு நான் தினமும் நாலு எண்ணை மட்டும் போட்டுத் திறந்துகொண்டிருந்தேன்.

"ஆளுக்கு நாலெழுத்தப் போன்ல கேட்டுக்கிட்டா என்ன?" என்றேன்.

"கேட்டா சொல்லுவாகளா?"

"மாட்டாக."

"சொல்லவுங் கூடாது. உள்ளதச் சொல்லிருங்கண்ணே. எங்கிட்டச் சொன்னீகல்ல, அது மாதிரி."

கடையைப் பூட்டிவிட்டுத் தன் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வந்தார். நாங்கள் கண்டனூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. முதல் கிளைக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பாயசத்தில் இருந்தார். இரண்டாம் கிளை, காப்பி குடித்த அந்த மலேசியாக்காரர். மூன்றாவது ஓர் ஆச்சி. இரண்டாம் பந்தியை நின்று நடத்திக்கொண்டிருந்தார். மூவரையும் பக்கத்து அறைக்கு அழைத்து, உள்ளதைச் சொன்னேன். நான் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"கூரைக்குப் படம் போடச் சொன்னா, வாசல அடச்சுட்டு வந்து நிக்கிறியேப்பா" என்றார் ஆச்சி.

கடைக்காரப் பெண் தன் லேப்டாப்பில் மெயில் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, முதல் ஆளாகத் தானே திரும்பி நின்றார். வங்கி அதிகாரி அடித்தார். மலேசியாக்காரர் அடித்தார். ஆச்சி உட்கார்ந்தார்.

"எல்லாரும் அங்குட்டுத் திரும்புங்க."

"திரும்பித்தான் நிக்கிறோம் ஆச்சி."

"கண்ணாடியப் பாத்துல்ல நிக்கிறீக!"

ஆமாம். சுவர் முழுக்க ஓர் ஆளுயரக் கண்ணாடி, அதில் ஆச்சியின் விரலும் கீபோர்டும் பளிச்சென்று தெரிந்தன. என் மேல்துண்டைக் கழற்றிக் கண்ணாடிக்குப் போர்த்தினேன். அன்று நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம்.

பாஸ்வேர்டு தவறு என்று வந்தது.

"மலேசியாவுல இருந்து மறந்துட்டியளோ?" என்றார் வங்கி அதிகாரி. "உங்களுக்குத்தான் வயசாச்சு" என்றார் மற்றவர். மணி இரண்டேகால்.

கடைக்காரப் பெண் திரும்பாமலே பேசினார். "யாரும் யாரையும் சொல்ல வேணாம். மொதல்லருந்து போடுவோம். எழுத்தச் சொல்ல வேணாம். போட்டு முடிச்சதும் மொத்தம் எத்தன புள்ளி தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

முதலாமவர் நாலு என்றார். அடுத்தவர் எட்டு என்றார். ஆச்சி எண்ணினார். "பதிமூணு."

"ஆச்சி, ஒங்க வெரலு ஒரு எழுத்த ரெண்டு தடவ தொட்டிருக்கு. ஒங்க அஞ்சையும் அழிச்சுட்டு மெதுவாப் போடுங்க."

யாருடைய ரகசியத்தையும் பார்க்காமல், யாரையும் குற்றவாளியாக்காமல், சுவரைப் பார்த்து நின்றபடியே ஒரு பெண் பிழையைக் கண்டுபிடித்ததை அன்றுதான் பார்த்தேன். கணக்கு திறந்தது. நீலத் திரையில் இருந்த அடையாள எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியான சாவியை எடுத்தார். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டு. அதை வாசித்துச் சொல்வதிலும் மூன்று கிளைக்கும் பங்கு வேண்டுமே. மூன்று, மூன்று, இரண்டு.

"எனக்கு மட்டும் ரெண்டா?" என்றார் ஆச்சி.

"கடைசி ரெண்டுலதான் ஆச்சி தொறக்கும்" என்றார் கடைக்காரப் பெண்.

ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பன்னிரண்டு எண்ணையும் ஏலத்தில் கூவுகிற குரலில் வாசித்தார். நீலம் விலகியது. என் படம் ஓர் ஓடுகூடக் குறையாமல் இருந்தது. கடைக்காரப் பெண் யாரையும் பேச விடாமல், முதலில் அதைத் தன் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்தார். "இப்பப் பேசுங்க" என்றார்.

"அப்ப, திருடன் தூக்கிட்டுப் போனாலும் இதத் தொறக்க முடியாதா?" என்று கேட்டார் வங்கி அதிகாரி.

"முடியாதுங்க."

"வச்சிருக்கிறவருக்கே முடியலையே" என்றார் ஆச்சி.

ஏவுகணை என்று நான் கேலி செய்த முறைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அந்தப் பாஸ்வேர்டு என் கையில் இருந்திருந்தால் காலையிலேயே அதையும் எங்காவது அமுக்கித் தொலைத்திருப்பேன்.

மூன்று மணிக்குப் படம் காட்டினேன். ஒவ்வொருவரும் தன் அறையை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் டேப் எடுத்துப்போய் அளந்துவிட்டு வந்தார்கள். நாலரைக்குப் பதின்மூன்றாவது கையெழுத்து விழுந்தது. வாசலில் கார்கள் உறுமிக்கொண்டிருந்தன.

லினக்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் ஏற்றியது காவலுக்குத் தெரிந்த கையெழுத்து இல்லாத ஒன்றாம். அந்தக் கையெழுத்தோடு வருவதும் இருக்கிறதாம், அதற்குக் காவலை அணைக்கவே வேண்டியதில்லையாம். அடுத்த வாரம், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்த பிறகு, கடைக்காரப் பெண்ணே அதைப் போட்டுக் கொடுத்தார். குதிரையாகத்தான் ஓடுகிறது.

புரட்டாசியில் ஓட்டைப் பிரித்தார்கள். நடு உத்தரத்தை இறக்கி முற்றத்தில் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். மேலே பார்வைக்குத் தேக்கு. அடிப்பக்கத்தில் மேஸ்திரி ஒரு விரலை வைத்தார். புட்டுக்குள் போவதுபோல முழு விரலும் போயிற்று. எட்டு மாதமும் அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் நான் படம் வரைந்தேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது.