கம்பிக்கு மெஷின் போட்ட கதை

என் அத்தைக்குப் பழிவாங்கத் தெரியாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். புருஷன் இன்னொருத்தியோடு போனபோதுகூட ஒரு வார்த்தை பேசாமல், ஒற்றைப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்துவிட்டவர். பகலில் மருந்துக்கடையில் பில் போடுவார். சாயங்காலம் மொட்டைமாடியில் ஒரு பழைய மேஜைமேல் கம்பியை ஏற்றி நிறுத்துவார்.

கம்பி எங்கள் நாய். டெரியர் ஜாதி. உடம்பெல்லாம் பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி முரட்டு முடி. முற்றிய முடியை விரலால் பிடித்து, வளர்ந்த வாக்கிலேயே இழுத்து எடுக்க வேண்டும். அதற்கு வலிக்காது; பாதி நேரம் நின்றபடியே தூங்கி விழும். விரல் வழுக்காமலிருக்க அத்தை சாக்பீஸ் தூளைத் தொட்டுக்கொள்வார். ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் முற்றிவிடும். முடிவே இல்லாத வேலை. அத்தைக்கு அதுதான் பிடித்திருந்தது.

பெருமையடித்துக்கொள்வது மட்டும் என் அம்மாவின் இலாகா. நாய்க் கண்காட்சியில் கோப்பை வாங்கியே தீர வேண்டும் என்று ஒரு வெறி. அதை வைக்க அலமாரியில் இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது.

ஒருநாள் அப்பாவின் ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண்மணி, "உங்க நாத்தனார் வீட்டுல என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"அவளா? வேலை விட்டு வந்தா, மாடியில போய்ப் புடுங்கிக்கிட்டு இருப்பா," என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தருக்குப் புரையேறிவிட்டது. யாரையாவது உதவாக்கரை என்று சொல்ல நம் ஆட்கள் எடுக்கிற முதல் சொல் அது. சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் இன்னும் அக்கிரமம். காபித் தட்டோடு நின்ற அத்தையும் சிரித்தார். எனக்கு அம்மாமேல் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அத்தை மாடிக்குப் போகவில்லை. கண்காட்சி நெருங்க நெருங்கக் கம்பி புதராகிவிட்டது.

"என்ன, கையைக் கட்டிக்கிட்ட?" என்றார் அம்மா.

"கை வலி அண்ணி."

"சரி விடு. மெஷின் போட்டா அரை மணி வேலை. நானே போடறேன்."

மெஷின் பட்டால் அந்த முடி பஞ்சாகிவிடும், நிறமும் வெளுத்துவிடும். பழையபடி முரடாக வருஷக்கணக்காகும். அத்தை ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எனக்கும் தெரியும்தான். நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

"உங்க நாய், உங்க இஷ்டம் அண்ணி," என்று அத்தை கம்பியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். முதுகில் மெஷின் ஓடியபோது அவர் கண் கலங்கியது. பிடி தளரவில்லை.

கண்காட்சியில் நடுவர் கம்பியின் முதுகை ஒரு தடவு தடவினார். கையை எடுத்துக்கொண்டு அடுத்த நாயிடம் போய்விட்டார். பக்கத்திலிருந்த ஒரு நாய்க்காரர்தான் அம்மாவிடம், "மெஷின் போட்டுட்டீங்களேம்மா," என்று விஷயத்தை விளக்கினார். அம்மா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும் அத்தைக்கும் அன்றைக்கு நல்ல பசி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "வேணும்னேதானே செஞ்ச?"

"ஆமா," என்றார் அத்தை.

அம்மா கத்தவில்லை. அந்த வாரமே கம்பியை யாரோ ஒரு பல் டாக்டருக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார். அத்தை ஓடி வந்து, "அண்ணி, வேண்டாம் அண்ணி," என்றபோது, "என் நாய், என் இஷ்டம்னு நீதானே சொன்ன?" என்றார்.

டாக்டர் காரோடு வந்தார். கம்பியைத் தூக்கிக்கொண்டே, "நிறைய முடி வளருமா? எங்க வீட்டுல மெஷின் இருக்கு," என்றார்.

அத்தை ஒருமுறை அம்மாவைப் பார்த்தார். பிறகு டாக்டரின் விரல்களைப் பிடித்துக் கம்பியின் முதுகில் வைத்து, எப்படி இழுக்க வேண்டும், எங்கே தோலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தார். "மெஷின் மட்டும் போட்டுடாதீங்க சார்," என்று கெஞ்சினார்.

அம்மா கேட்டைத் திறந்து பிடித்தபடி, அவசரமே படாமல், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.